சமதளத்தில் ஆறு நிமிடம்

1

இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்புக் கூலி வேலையில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, அதைத் தள்ளித் தள்ளியே இதயத்தின் வலது பக்கம் வீங்கிப்போகும் நோய் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இடுக்கித் தேயிலைத் தோட்டங்களில் ஓர் ஆராய்ச்சி. ஏன் வருகிறது என்று தேடுவது ஒரு பாதி. ஒரு புது மாத்திரை உதவுமா என்று பார்ப்பது மறு பாதி. நோயாளிகளிடம் வாசித்துக்காட்ட வேண்டியதைத் தமிழில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். இரண்டு மொழி தெரியும், வேலை கிடையாது. எழுதிக் கொடுத்தேன்.

அதில் ஒரு இடம்: "நன்றாக நடக்கிறீர்கள். இப்படியே தொடருங்கள்." நோயாளி ஆறு நிமிடம் நடக்கும்போது சோதனை செய்கிறவர் இதை மட்டும்தான் சொல்லலாம். குரலில் ஏற்ற இறக்கம்கூடக் கூடாது. ஆளுக்கு ஆள் வேறு வேறு மாதிரி உற்சாகப்படுத்தினால் நடக்கிற தூரம் மாறிவிடுமாம்.

இதை ஒருத்தி தன் சொந்த அம்மாவிடம் சொல்ல வேண்டி வந்தால்? அப்படி யோசித்தபோது வந்தவள்தான் டின்சி.

2

முதல் தொடக்கம்: வண்டிப்பெரியாரின் தேயிலைச் சரிவுகளில் பனி மெல்ல இறங்கிக்

(வேண்டாம். பனியை நின்று பார்க்கிறவர்கள் ரிசார்ட்டில் தங்க வருகிறவர்கள்.)

இரண்டாவது: கத்தரீனாளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கி

(இதுவும் வேண்டாம். நோயில் தொடங்கினால் உங்களுக்கு இரக்கம் வந்துவிடும். இரக்கப்பட்ட ஆட்கள் அதற்குமேல் எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.)

மூன்றாவது. டின்சியின் அம்மா கத்தரீனாளின் லயத்து வீட்டு மூலையில் ஒரு காஸ் சிலிண்டர் நிற்கிறது. லயம் என்றால் ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஒட்டிக்கிடக்கும் தோட்ட வீடுகள். சிலிண்டருக்குப் பூவேலை செய்த உறை போட்டிருக்கிறது. ஃபாதர் வீடு சந்திக்க வந்தால் உறையைக் கழற்றி ஒரு காப்பி. மற்ற நாளெல்லாம் விறகடுப்புதான். பிடுங்கிப் போட்ட தேயிலைச் செடியின் வேர்க்கட்டை நன்றாக எரியும், அதைவிட நன்றாகப் புகையும்.

ஆராய்ச்சிக் குழு லயத்துக்கு வந்தது. டாக்டர் ஜிதின் கேட்பார். டின்சி கையிலிருக்கும் தொடுதிரை டேபில் பதிலைப் பதிவாள். எதில் சமைக்கிறீர்கள் என்பது ஒரு கேள்வி.

"காஸ்தான் டாக்டர்" என்றது முதல் வீடு. இரண்டாவது வீடும் காஸ். மூன்றாவது வீட்டு எப்சிபா, இடுங்கிச் சிவந்த கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "காஸுதான் சாரே. இந்தக் காலத்துல விறகு யாரு எரிக்கா?" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

டின்சி எல்லாருக்கும் 'காஸ்' என்றே அழுத்தினாள். அந்த அடுப்புகளை ஊதி வளர்ந்தவள் அவள். நான்காவது வீடு அவளுடையது.

(இங்கே நீங்கள் கேட்பீர்கள்: சொந்த வீட்டுக்கு வந்த மகளை லயத்தில் ஒருத்தர்கூடக் காட்டிக்கொடுக்கவில்லையா? இல்லை. கத்தரீனாள் முந்தின நாளே வரிசை முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டார்: "எம்புள்ள வேலை பாக்க வாரா. எவளாவது 'வா டின்சி'ன்னு பல்லக் காட்டுனீய, பொறவு நான் மனுசியா இருக்க மாட்டேன்." சுவரிலிருந்த பட்டமளிப்புப் படத்தையும் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டார். மகள் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொண்டார்.)

அந்த வீட்டிலும் காஸ். அதற்குப் பிறகு டாக்டர் மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "மக்களுண்டோ சேச்சி? இந்தச் சூக்கேடு சில குடும்பத்தில் ரத்தத்திலயே வரும். பிள்ளைகள் இருந்தா அவங்களையும் பாக்கணும்."

கத்தரீனாள் டின்சியைப் பார்த்தார். டின்சி டேபைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். கர்த்தர் குடுக்கல."

டின்சி 'இல்லை' என்பதை அழுத்தினாள். திரை அடுத்த கேள்விக்குப் போனது.

3

டின்சியை எனக்குப் பிடிக்கவில்லை. நல்லவளாக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாப்பாட்டு மேசையில் ஒருவன் சொன்னான்: "எஸ்டேட் ஆளுங்கட்ட எதையும் மூணு தடவ கேக்கணும், பொய்யாத்தான் சொல்லுவாங்க." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஊர் எது என்று யாரோ கேட்டபோது "குமளி டவுன்" என்றாள். அம்மாவை மறைத்ததற்கு அவ்வளவுதான் காரணம். பெரிய காரணமாக ஒன்றை அவளுக்குக் கண்டுபிடித்துத் தரலாம், தர மாட்டேன். வெட்கத்துக்குப் பெரும்பாலும் இதற்குமேல் காரணம் இருப்பதில்லை.

4

நடைச் சோதனைக்கு நீளமான சமதளம் வேண்டும். மலையில் அதற்கு எங்கே போவது? சர்ச்சின் பாரிஷ் ஹால் வராந்தா கிடைத்தது. இந்த முனையில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு, அந்த முனையில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வர வேண்டும். மாத்திரை ஆராய்ச்சியில் சேர ஒரு விதி உண்டு: குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் நடந்துவிட்டால் சேர்க்க மாட்டார்கள். அந்த விதியை நடக்கிறவர்களிடம் சொல்லவும் கூடாது. கத்தரீனாளின் இதயத்தை எடுத்த எக்கோ ஸ்கேன் படம் மிக மோசம், மாத்திரை அவருக்குக் கட்டாயம் வேண்டும். இந்த மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்க டின்சியின் சம்பளத்தால் ஆகாது. ஆராய்ச்சியில் சேர்ந்தால் மட்டுமே வழி.

கத்தரீனாள் எப்சிபாவோடு வந்தார்.

"ஏட்டி கத்தரி, பெருநாள் சேலையக் கட்டிருக்க? ஒனக்கு மாப்பிள்ள பாக்காவளா?"

"சும்மா வாட்டி. வாட்ச்சப் பிடிச்சிட்டு நிக்கது யாருன்னு பாத்தேல்லா?"

பிறகு கூம்புக்குப் பக்கத்தில் போய் நின்று மகளிடம் கேட்டார்: "இங்கன நிக்கட்டுமா மேடம்?"

டின்சி வாசித்தாள். மூச்சு வாங்கினால் மெதுவாகலாம், நிற்கலாம், சுவரில் சாய்ந்துகொள்ளலாம். நான் எழுதிக் கொடுத்த தமிழ்.* கத்தரீனாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு நடந்தார்.

ஓடினார் என்றே சொல்ல வேண்டும். கடிகாரமும் குறிப்புமாக ஓர் ஆள் பக்கத்தில் நின்றால் கொழுந்து கிள்ளுகிறவர்கள் மெதுவாவதில்லை. முப்பது வருடப் பழக்கம், உடம்பு தானாகவே செய்யும். தோட்டத்தில் ஒரு தடவை 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் பெயர் வெட்டப்படும். பெயர் போனால் வீடும் போகும். வீட்டைத் தக்கவைக்க, அந்தப் பெயரில் வேலைக்கு ஏறக் குடும்பத்தில் இன்னொரு ஆள் வேண்டும். இந்த வீட்டில் இருக்கிற ஒரே ஆள் பட்டம் வாங்கிவிட்டாள்.

மேட்டில் நாலு எட்டு வைத்ததும் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிறவர், சமதளத்தில் கூம்புக்கும் கூம்புக்கும் நடுவே பறந்தார். உதடு கறுத்தது. கழுத்து நரம்பு துடிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"நன்றாக நடக்கிறீர்கள். இப்படியே தொடருங்கள்" என்றாள் டின்சி. ஏற்ற இறக்கம் இல்லாமல்.

அடுத்த நிமிடமும் அதையேதான் சொன்னாள்.

*அந்தத் தமிழை இப்போது எடுத்துப் படித்துப் பார்க்கிறேன். பிழை ஒன்றும் இல்லை. அதை நம்புவதற்கு ஒரு ஆள் எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்ந்திருக்க வேண்டும் என்பதுதான் எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. லயத்தில் பிறந்த எனக்கே தோன்றவில்லை.

முடிந்ததும் டாக்டர் தூரத்தைப் பார்த்துவிட்டு, "அடிபொளி சேச்சி!" என்று கைதட்டினார். நல்ல மனிதர். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். விதி சொன்ன தூரத்தைத் தாண்டிவிட்டார் கத்தரீனாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு, பேச்சு வருவதற்கே நேரமாகி, அவர் மகளிடம் கேட்டார்:

"பாஸாயிட்டேனா மேடம்?"

5

குழுவின் வண்டி போனபிறகுதான் டின்சி லயத்துக்குப் போகும் ஜீப்பில் ஏறினாள். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூஞ்ச ஏன் இப்பிடி வச்சிருக்க? பாஸாயிட்டேம்லா?"

"பாஸானா மாத்திரை கெடையாதும்மா."

கத்தரீனாள் மகள் பக்கம் திரும்பினார்.

"அத மொதல்லயே சொல்லப்புடாதா?"

"சொல்லக் கூடாது. அதான் ரூல்."

"நல்லா வச்சான் ரூலு" என்றாள் எதிர் சீட்டிலிருந்த எப்சிபா. "ஆனா இவளும் லேசுப்பட்டவ இல்ல. கங்காணி வெரட்டுனாக்கூட இப்பிடி ஓடுனதில்ல. நான் பாத்துட்டே நிக்கேன், போறா போறா, போய்க்கிட்டே இருக்கா! அங்கன ஒரு மேட்டப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் ஒன் சவுரியம்."

"நிக்கலாம்னு வாசிச்சேனேம்மா. ஏன் நிக்கல?"

"அன்ஃபிட்டுன்னு எழுதிட்டான்னா எங்க போவ? வீடு போயிரும்லா." முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "அதோட, நீ நிக்க. ஒன் கண்ணு முன்னால பாதில உக்காந்தா அசிங்கமா இருக்காதா?"

"யாருக்கு அசிங்கம்? டாக்டருக்கு நான் யாருன்னே தெரியாது."

"எனக்குத் தெரியும்லா."

(இதற்குப் பிறகு டின்சி அழுவதாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அழுதால் அவளுக்குப் பாரம் குறைந்துவிடும்.)

6

வழி ஒன்று இருக்கிறது. சோதனை செய்தவர் நோயாளியின் சொந்தக்காரர் என்று தெரிந்தால் அந்தச் சோதனை செல்லாது. வேறொருவர் மறுபடி நடத்த வேண்டும். அப்போது யாராவது கத்தரீனாளிடம், இது தோட்டம் இல்லை, இங்கே உட்கார்ந்தால் யாரும் வீட்டைப் பிடுங்க மாட்டார்கள் என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம். தன் உண்மையான மூச்சுக்குத் தக்கபடி நடந்தால் அவர் அந்தத் தூரத்தைத் தொடக்கூட மாட்டார். இதற்கெல்லாம் டின்சி ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் வேலை போகலாம். அவள் அழுத்திய 'காஸ்' எல்லாவற்றையும் தோண்டுவார்கள். பொய் சொல்லுகிற எஸ்டேட் ஆள் என்று அந்தச் சாப்பாட்டு மேசை அவளைப் பார்த்துச் சிரிக்கும். இந்தத் தடவை அது சொல்வது சரியாகவும் இருக்கும்.

முடிவு அ: டேபில் தூரத்தைக் குறைத்துப் பதிந்துவிடுகிறாள். யாருக்கும் தெரியாது. (எழுதிப் பார்த்தேன். ஏற்கெனவே அடுப்பும் பொய், பிள்ளை இல்லை என்றதும் பொய். இதுவும் சேர்ந்தால், அந்த மாத்திரை வேலை செய்கிறதா என்று கடைசிவரை யாருக்குமே தெரியாது. எப்சிபாவுக்கும் அதே மாத்திரைதான் ஒருநாள் வேண்டியிருக்கும்.)

முடிவு ஆ: டாக்டர் ஜிதின் இருவர் முகச்சாயலையும் கவனித்துத் தானாகவே கண்டுபிடித்து, மன்னித்து, (எழுத அவ்வளவு சுகமாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். எங்களைக் கண்டுபிடித்துக் காப்பாற்ற ஒரு டாக்டர் வந்துதான் ஆக வேண்டுமா?)

முடிவு இ: டின்சி கதவைத் தட்டி உள்ளே போய், தலை நிமிர்ந்து,

(தலை நிமிர்வாளா? தெரியவில்லை.)

7

அதனால் என்னால் எழுத முடிந்தவரை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை. பாரிஷ் ஹாலின் சின்ன அறை. தேராதவர்களும் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும், அதுவும் விதி. கத்தரீனாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே டாக்டர், தேர்ந்தவர்கள் பெயர்களை முடித்துவிட்டு, தேராதவர்களை ஒவ்வொன்றாக உறுதி செய்துகொண்டிருக்கிறார். எதிரே டின்சி.

வெளியே இருமல் கேட்கிறது. அடங்குகிறது. மறுபடி கேட்கிறது.

டாக்டர் தலையைத் தூக்குகிறார். "ஆரா அது, டின்சி?"

பதிலை நான் எழுதப்போவதில்லை. அவள் சொல்லிவிட்டதாக எழுதினால் நீங்கள் அவளை மன்னித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். சொல்லவில்லை என்று எழுதினால் அவளைத் திட்டிவிட்டுப் போவீர்கள். இரண்டிலும் உங்களுக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. கத்தரீனாளுக்கு ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லை நீங்கள் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு, உங்களோடு வேலை செய்கிறவர்கள் காதில் விழும்படி.

அதுவரை டின்சியின் வாய் திறந்தபடி இருக்கிறது. வெளியே கத்தரீனாள், உள்ளே இருக்கிற மேடத்துக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதே என்று, முந்தானையை வாயில் திணித்து இருமலை அடக்கிக்கொண்டிருக்கிறார்.