சக்கரம் வட்டமாகும் வரை

இசக்கிராஜாவின் கணக்கில் ஒரு நாள் டூட்டி ஏறும்போதுதான் தொடங்கும். கன்டெய்னர் யார்டு கேட்டில் நாலு வருடமாக இரவு வேலை. ஞாயிறு இரவு ஏறினால், திங்கள் விடிந்து இறங்கும்போதும் அவனுக்கு ஞாயிறுதான். பெனிஸ்டனுக்கும் அப்படியே எழுதினான்: 'ஞாயிறு டூட்டி முடிஞ்சதும் வா. பைக் ரேஸ் போடுவோம்.'

பெனிஸ்டன் கல்லூரி விடுதியில் இவனுடைய அறைத்தோழன். இவன் மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டான். அவன் முடித்துவிட்டுக் கப்பலுக்குப் போனான். வருடத்துக்கு ஒரு தடவை சொந்த ஊரான நாசரேத்துக்கு லீவில் வரும்போது இங்கேயும் எட்டிப் பார்ப்பான். இந்த அறைக்கு வேறு யாரும் வருவதில்லை.

அவன் ஞாயிறு காலை பதினொரு மணிக்கே, ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான்.

"நாளைக்குல்லாலே வரச் சொன்னேன்," என்றான் இசக்கிராஜா.

"ஞாயிறுன்னுதானலே எழுதியிருக்க? நாளைக்கு நான் பம்பாய்ல இருப்பேன், கப்பல் ஏறணும். ஒரு மணி பஸ்ஸப் பிடிக்கணும்."

கம்ப்யூட்டரில் அந்த பைக் ரேஸ் விளையாட்டு இன்னும் சரியாகவில்லை. பழைய மானிட்டர் உப்புக்காற்றில் செத்துப்போய், போன மாதம்தான் அகலத் திரை வாங்கியிருந்தான். இருபது வருடப் பழைய விளையாட்டு, சதுரத் திரைக்கு வரைந்த படத்தை அப்படியே பக்கவாட்டில் இழுத்துக் காட்டியது. பைக் சக்கரங்கள் நசுங்கிக் கிடந்தன.

பெனிஸ்டன் சிரித்தான். "ஓட்டுதவன் நம்ம வார்டன் மாதிரி ஊதிப் போயிருக்கான். பரவால்லலே, போடு."

"இருலே. ரெண்டு நிமிசம்."

செட்டிங் ஃபைலில் அளவை மாற்றினான். திரை கறுத்தது. வேறு அளவு போட்டான். வேகம் காட்டும் முள் திரைக்கு வெளியே போய்விட்டது. விளையாட்டு ஃபைலுக்குள் எந்த எண்ணைத் திருத்த வேண்டுமென்று இணையத்தில் எவனோ எழுதியிருந்தான். அது வேறு பதிப்புக்கு.

"ரெண்டு பக்கமும் கறுப்பா விட்டுட்டு, நடுவுல சதுரமா ஓடாதா?"

"ஓடும்."

"பொறவு என்னலே?"

"அதுக்கா இவ்வளவு பெரிய திரை வாங்கினேன்?"

பெனிஸ்டன் கட்டிலில் உட்கார்ந்து, எஞ்சின் அறையில் கை நசுங்கிய ஒருவனைப் பற்றிச் சொன்னான். இசக்கிராஜா 'ம்' கொட்டினான். கொஞ்ச நேரத்தில் பெனிஸ்டன் போனைத் தடவ ஆரம்பித்தான்.

பன்னிரண்டரைக்கு எழுந்தான். "வரட்டா?"

"இந்தா, வந்துரும்லே. ஒரே ஒரு தடவ."

"ஒனக்கு வெளாட ஆள் வேண்டாம்லே. நீ ரிப்பேர் பாக்கத வேடிக்க பாக்கத்தான் ஆள் வேணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. இசக்கிராஜா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரண்டரை மணிக்குச் சக்கரம் வட்டமானது. ஸ்கேல் வைத்து அளந்தான். குறுக்கும் நெடுக்கும் ஒரே அளவு.

இரண்டு பேர் ஆட்டத்தைத் தொடங்கினான். திரை நடுவில் பிரிந்தது. இடது பாதியில் அவன் பறந்தான். வலது பாதியில் பெனிஸ்டனின் பைக் புறப்படும் கோட்டிலேயே நின்றது. மூன்று சுற்றிலும் அதைக் கடந்து போய் ஜெயித்தான். இரண்டு வண்டியும் ஓடி முடிக்காமல் அந்த ஆட்டம் முடியாது. நாற்காலியை வலப்பக்கம் நகர்த்திப் போட்டு, பெனிஸ்டனின் மூன்று சுற்றையும் அவனே ஓட்டினான்.