லண்டன் இன்ஜின்

தோசைத் திருப்பியின் முனையால் இன்ஜினின் பெயர்த் தகட்டைத் தர்மராஜ் சுரண்டிக்கொண்டிருந்தான். பச்சை உரிந்தது. அதன் அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் மறுபடியும் பச்சை. வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்கு இந்த இன்ஜினுக்குப் பெயின்ட் அடித்து, மாலை போட்டு, "கும்புட்டுக்க மச்சான், வெள்ளக்காரன் சாமி" என்று சிரித்த மனிதர் முன்கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டியில் குளிர் குறைந்துகொண்டே வந்தது.

பழமலைநாதன் தர்மராஜுக்கு அக்காள் புருஷன். செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால், முன்பக்கம் வீடும் பின்பக்கம் பட்டறையுமாக வாழ்ந்தவர். அவர் சுட்ட பீங்கான் கிளியும் யானையும் ஊறுகாய் ஜாடியும் எந்தெந்த ஊரில் யார் யார் வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கின்றனவோ. நேற்று சாயங்காலம் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமலே போய்விட்டார். நோய் நொடி என்று ஒருநாள் படுத்ததில்லை, யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டியதையெல்லாம் செத்த பிறகு கொடுக்கலாம் என்று சேர்த்து வைத்திருந்தார் போல.

ஒரே மகன் வளவன் ஷார்ஜாவிலிருந்து கிளம்பிவிட்டான். சென்னையில் இறங்கி, கார் பிடித்து வந்து சேரச் சாயங்காலம் ஆகும். அதுவரை முகம் கெடாமல் இருக்க வேண்டும். ஆனால் காலையில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் படாரென்று வெடித்தது. வந்து பார்த்த லைன்மேன், நாளைக்குத்தான் என்று கையை விரித்துவிட்டார். வாடகை ஜெனரேட்டர் கேட்டால், ஊரில் உள்ளதெல்லாம் மாசி மகத்துக்காக மணிமுத்தாற்றங்கரைக்குப் போயிருந்தது. ஐஸ் கட்டியும் அங்கேதான், சர்பத் கடைகளில். கெஞ்சி வாங்கி வந்த ஒரு பாளம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மிச்சம் இருந்தது இந்த டீசல் இன்ஜின் ஒன்றுதான். களிமண் அரைக்கிற மில்லை ஓட்டுவது இதன் வேலை. கரண்ட் போனால் பெல்ட்டை மாற்றி டைனமோவில் போட்டுவிடலாம், வீட்டுக்கே போதும். ஆனால் டீசல் பம்ப் இறுகிப்போய் இரண்டு மாதமாக நின்று கிடந்தது. எப்போது சரி செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், "லண்டன் இன்ஜின் மச்சான். பம்பு கப்பல்ல வரணும்" என்பார்.

இந்த லண்டன் பேச்சைக் கேட்டுக் கேட்டு முப்பது வருஷமாகத் தர்மராஜுக்குக் காது புளித்திருந்தது. கம்மாபுரத்தில் தன் நிலத்தில் அவன் புது மோட்டார் இறக்கியபோது, வாய்க்காலில் கையை நனைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி வருது. ஆனா லண்டன் தண்ணி மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

"போர்டு தெரியுதாண்ணே?" மெக்கானிக் அன்பரசன், கழற்றிய பம்பைத் துணியில் ஏந்திக்கொண்டு நின்றான்.

பெயின்ட் முழுக்க உரிந்து பித்தளைத் தகடு வெளியே வந்தது. மழமழவென்று இருந்தது. ஓர் எழுத்துகூட இல்லை.

"என்னாண்ணே, மொட்டையா இருக்குது? பம்புலயும் நம்பரு இல்ல. வெளிய பாத்தா எல்லாம் ஒண்ணாட்டந்தான் இருக்கும், உள்ள டீசலத் தள்ளுற எலிமெண்டு அளவு இன்ஜினுக்கு இன்ஜின் வேற. சின்னதப் போட்டா ஸ்டார்ட் ஆவாது. பெருசப் போட்டா பொகையாக் கக்கும். எந்த ஊரு இன்ஜினு, எத்தினி ஹெச்.பி.ன்னு மட்டும் தெரிஞ்சா சட்டுனு மாட்டிடுவேன்."

"அதான் லண்டன் இன்ஜின்னு ஊருக்கே தெரியுமேப்பா."

"அதச் சொல்லித்தான் கடை கடையா ஃபோன் பண்ணேன். மெட்ராஸ்லயே இல்லன்றாங்க. ஒருத்தரு மியூசியத்துல போயி கேளுன்றாரு."

பந்தலிலிருந்து பங்காளி விருத்தகிரி வந்து எட்டிப் பார்த்தார். "தர்மராஜு, வெயிலு ஏறுது. ரெண்டு மணிக்கு எடுத்துடலாம்ப்பா. வளவன் வந்து சேரலன்னா எம் பையன் கொள்ளி வெக்கட்டும். ஊர் ஒலகத்துல நடக்காததா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பெட்டிப் பக்கம் போய் வந்த பெண்கள் முந்தானையை மூக்கருகே கொண்டுபோக ஆரம்பித்திருந்தார்கள். மாமாவை அப்படி யாரும் பார்க்கக் கூடாது என்று தர்மராஜுக்கு நெஞ்சு எரிந்தது. எண்ணெய்க் கையோடு கூடத்துக்குப் போனான்.

அம்புஜவல்லி பெட்டியின் தலைமாட்டில், கண்ணாடியின் மேல் ஒரு கையை வைத்தபடி இருந்தாள்.

"அக்கா, ரெண்டு மணிக்கு எடுக்கலாம்ன்றாங்க."

"எம் புள்ள மொகம் பாக்காம எடுக்கக் கூடாது."

"இன்ஜின் ஓடுனாத்தாங்க்கா முடியும். என்னா இன்ஜின்னு தெரியாம பம்பு வாங்க முடியல. மாமா ஒங்கிட்ட எதனா சொல்லியிருக்காரா?"

அவள் கண்ணாடிக்குள் இருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திடீரென்று, "என்னப் பெத்த தம்பீ" என்று ஒப்பாரி எடுத்து, தர்மராஜின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சுற்றி இருந்த பெண்களும் சேர்ந்து குரல் எடுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவன் காதில் அவள் வாய் பட்டது.

"அது லண்டன் இன்ஜின் இல்லடா."

"என்னாக்கா?"

"எழுந்திரிக்காத. அழுவற மாதிரி இரு, எல்லாரும் பாக்கறாங்க. கோயமுத்தூரு இன்ஜினு. ஆறு ஹெச்.பி. திட்டக்குடில ஒரு ரைஸ் மில்லுல கழிச்சுக் கட்டுனத வாங்கியாந்தாரு. போர்ட நாந்தான் படிச்சுச் சொன்னேன்."

"அப்ப லண்டன்னு சொன்னது?"

"ஒன்னாலதான். மொத மொத வந்து பாத்துட்டு, ஏது மாமான்னு கேட்ட. வெளையாட்டுக்கு லண்டன்னாரு. நீ அத நம்பி கம்மாபுரம் பூரா சொல்லி, பஸ்ஸுல ஆளுங்கள கூட்டியாந்து காமிச்ச. அப்பறம் இல்லன்னா ஒனக்கு அசிங்கமாப் பூடும்னு, அரத்த எடுத்து போர்ட ராவிட்டாரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மங்கலம்பேட்டை பாய் கடையில கேட்டா பம்பு குடுத்துடுவாங்க. கேட்டா வெளிய தெரிஞ்சிடுமேன்னுதான் ரெண்டு மாசமா வேலைய நிறுத்திப்புட்டு உக்காந்திருந்தாரு. நீயும் யாருகிட்டயும் சொல்லிடாத தம்பி. அவரு பேரு கெடக் கூடாது."

தர்மராஜுக்குக் கண்ணாடியைத் தட்டி, "யோவ் மாமா!" என்று கூப்பிட வேண்டும்போல இருந்தது. முதலில் சிரிப்புதான் முட்டியது. இந்த விஷயம் போன வாரம் தெரிந்திருந்தால் மனிதரைச் சாகிறவரை ஓட்டியிருக்கலாம். இவ்வளவு பெரிய துருப்புச் சீட்டு இன்றைக்குப் போய்க் கைக்கு வந்திருக்கிறது, எதிரே உட்கார்ந்து ஆட ஆள் இல்லை. அப்போதுதான் அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"மச்சானுக்கு இப்பத்தான் தெம்பு ஒடையுது" என்றாள் ஒருத்தி.

மங்கலம்பேட்டையில் பாய், கொண்டுபோன பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த இன்ஜினுங்க?"

தர்மராஜ் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "கோயமுத்தூரு. பழசு. ஆறு ஹெச்.பி."

பாய் மூன்று பம்புகளை எடுத்து வைத்தார். ஒன்றில் போல்ட் ஓட்டை தள்ளி இருந்தது, ஒதுக்கினார். அடுத்ததில் பல்லு வைத்த சின்னக் கம்பியைத் தொட்டுக் காட்டினார். "இது ரேக்கு. ஒங்களுதுல இடப்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்குது, இது வலப்பக்கம். மாட்டுனீங்கன்னா டீசல் கொறைய வேண்டிய எடத்துல கூடும், இன்ஜின் அடங்காது." மூன்றாவதை நகர்த்தினார். "இதாங்க ஒங்களுது." பிறகு நிமிர்ந்து, "பழமலைநாதன் அண்ணன் தவறிட்டாருன்னாங்களே. ஒங்களுக்கு மாமாவாச்சே?" என்றார்.

"ஆமா பாய்."

"அவரு பட்டறைக்கா?"

"அவருது லண்டன் இன்ஜின் பாய். இது எங்க நெலத்துக்கு. பயிரு காயுது."

அக்காள் புருஷன் பெட்டியில் கிடக்கப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிய மனிதனைப் பாய் ஒரு பார்வை பார்த்தார். வேறொன்றும் பேசாமல் மிச்சச் சில்லறையை மேஜைமேல் வைத்தார், கையில் தரவில்லை. தர்மராஜ் அதைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். அட்டைப் பெட்டியில் கோயமுத்தூர் என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஊரைத் தாண்டியதும் அதை ஒரு முள்ளுக்காட்டில் வீசிவிட்டான்.

அன்பரசன் பம்பை மாட்டினான். தர்மராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினான். வேகம் ஏறியதும் அன்பரசன், சுற்றுவதற்கு இறுகாமல் இருக்க மேலே அழுத்திப் பிடித்திருந்த லிவரை விட்டான். ஒரு தும்மல் போட்டு இன்ஜின் நின்றது. மறுபடி சுற்றினான். மறுபடி தும்மல். பந்தலில் விருத்தகிரி, பாடை கட்ட மூங்கிலை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டறை வாசலில் நிழல் விழுந்தது. அம்புஜவல்லி நின்றாள்.

"பொணத்த விட்டுட்டு இப்பிடி எழுந்து வரலாமா?" என்று ஒரு கிழவி பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். அம்புஜவல்லி கையை விடுவித்துக்கொண்டாள்.

"அன்பரசா, நவுரு. அவரு சுத்துவாரு, நாந்தான் லிவரு விடுவேன். சுத்துடா தம்பி."

சுற்றினான். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. அவள் இன்ஜினைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி, தலையைச் சாய்த்துச் சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும்... இன்னும்..." என்றாள். விட்டாள்.

டுப் என்றது. கொஞ்சம் பொறுத்து, டுப், டுப். பிறகு கூரைத் தகரமெல்லாம் நடுங்க ஓட ஆரம்பித்தது. கூடத்திலிருந்து யாரோ, "பெட்டியில வெளக்கு வந்துடுச்சு!" என்று கத்தினார்கள்.

"லண்டன் இன்ஜின்னா சும்மாவா?" என்றார் விருத்தகிரி. மூங்கிலைக் கீழே போடச் சொன்னார். தர்மராஜ் தலையை ஆட்டினான். அம்புஜவல்லி அதற்குள் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் தாழ வளவன் வந்து சேர்ந்தான். கண்ணாடிமேல் விழுந்தான். குளிரில் பூத்திருந்த பனியைச் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து முகத்தைப் பார்த்தான். தூங்குகிற முகம்தான், ஒன்றும் கெடவில்லை. அழுது ஓய்ந்த பிறகுதான் இன்ஜின் சத்தம் அவனுக்கு உறைத்தது. தோளில் மாட்டியிருந்த பையோடு பட்டறைக்கு வந்தான்.

"ஓடுதே மாமா! பம்பு ஏது?"

"தற்காலிகத்துக்கு ஒண்ணு போட்டிருக்குது மாப்ள."

வளவன் பையைத் திறந்தான். துணிமணி எதுவும் இல்லை. பழைய சட்டையில் சுற்றிய ஒரு பொருள்தான் இருந்தது. "லண்டன் பம்பு ஷார்ஜாவுல பழைய சாமான் கடையில கெடைக்கும், நான் தேடறேன்னு அப்பாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். வேணாம்டா, அலையாதடான்னே சொன்னாரு. போன வெள்ளிக்கெழமதான் கெடைச்சுது. அவருகிட்ட சொல்லல, லீவுல வரும்போது கையில குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். இன்னிக்கு வேற எதையும் எடுக்கத் தோணல." சட்டையைப் பிரித்தான். டீசல் பம்ப். பக்கவாட்டில், மேட் இன் இங்கிலாந்து என்று இங்கிலீஷில் எழுத்து புடைத்திருந்தது. "சேருமா மாமா?"

ரேக் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. போல்ட் ஓட்டைகளும் வேறு. எட்டிப் பார்த்த அன்பரசன் வாயைத் திறந்தான். தர்மராஜ் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"இதேதான் மாப்ள" என்றான் தர்மராஜ். "அப்படியே அச்சு மாதிரி சேரும்."

மகனைத் தேடிக்கொண்டு வந்த அம்புஜவல்லி அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள். தம்பியையும் பார்த்தாள்.

"அப்பாகிட்ட காமிச்சியா?"

"இல்லம்மா."

"போயி காமி."

வளவன் கூடத்துக்குப் போய்ப் பெட்டியின் அருகே மண்டியிட்டான். ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்தான். பம்பை இரண்டு கையாலும் தூக்கி, எழுத்து இருந்த பக்கத்தை அப்பாவின் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தான்.