போணிக்கு வருகிற பெண்

1

நாளைக் காலை ஒரு கடையில் நான் ஒரு பொருள் வாங்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பயந்துதான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

சும்மா வாங்குவது இல்லை, போணி. கடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய் முதல் காசைக் கொடுக்க வேண்டும். கொரோனாவில் மூடிய கடையை எங்கள் ஆரணிக் கடைத்தெருவில் யார் திரும்பத் திறந்தாலும் என்னைத்தான் போணிக்குக் கூப்பிடுகிறார்கள். என் கை ராசியான கையாம். எனக்குப் பதினாறு வயது. இந்தக் கையால் கணக்குப் பரீட்சையில் என்ன வாங்கினேன் என்று யாரும் கேட்டதில்லை.

"நான்" என்று தட்டித் தட்டி அழித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இங்கிருந்து என்னை இளமதி என்று எழுதப்போகிறேன். அது என் பெயர்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் இளமதி என்று எழுதினால் அவளைத் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நிற்கவைத்து இங்கிருந்து பார்க்கலாம். பக்கத்தில் அம்மா தூங்குகிறாள். போன் வெளிச்சத்தை அடியோடு குறைத்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எப்படித் தொடங்குவது என்று பார்த்தேன்.

கடைத்தெருவின் இதயத் துடிப்பு நின்றுபோயிருந்த அந்த நாட்களில்—

வேண்டாம். இது போன வருஷம் வியாபாரிகள் நடத்திய விழாவில் மைக்கில் பேசியவர்கள் சொன்னது.

வண்ண விளக்குகளின் ஒளியில் ஆரணி மீண்டும்—

இது நோட்டீஸில் வந்தது. வியாபாரிகள் சேர்ந்து தெரு நெடுக சீரியல் செட் கட்டினார்கள். மூடிய ஷட்டர்களில் மயில் வரைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வண்டிகளை நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு நடந்து வாருங்கள் என்றார்கள். சனங்களும் வந்தார்கள். மயிலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மயில் இருந்தது மூடிய கடையின் மேல். எனவே போட்டோவுக்குப் பிறகு அங்கே செய்ய ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போனார்கள்.

ஆரணியில் பட்டு விற்காமல் போகவில்லை. தெருவில் விற்காமல் போனது.

இதை வைத்துக்கொள்கிறேன். ஊரடங்கில் கடைகள் மூடியபோது பக்கத்துச் சேவூரில் தறி வைத்திருந்தவர்கள் சேலையைப் படமெடுத்து வாட்ஸப்பில் போடக் கற்றுக்கொண்டார்கள். ஊரடங்கு முடிந்தது, பழக்கம் முடியவில்லை. இப்போது சேலை வீட்டு வாசலிலிருந்தே கூரியரில் ஏறி ஹைதராபாத் போகிறது. முன்பெல்லாம் சேலை எடுக்க வந்தவர்கள் டீ குடித்தார்கள், செருப்பு வாங்கினார்கள், பிள்ளை அழுதால் பலூன் வாங்கினார்கள். அவர்கள் வராமல் போனதும் டீயும் செருப்பும் பலூனும் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. இறங்கிய ஷட்டர்களில் பாதிக்குப் பின்னால் இன்றைக்குக் கூரியர் கிடங்குகள்.

(இந்தப் பத்தி கட்டுரை மாதிரி ஆகிவிட்டது. தெரிகிறது. ஆனால் இது இல்லாமல் இளமதியின் கை ஏன் இவ்வளவு பெரிதானது என்று உங்களுக்குப் புரியாது. வேறு எதுவுமே பலிக்காத தெருவில்தான் ஒரு பெண்ணின் கை பலிக்கும்.)

3

கை ராசியானது இப்படித்தான்.

இரண்டாவது அலை அடங்கிய வருஷம் தென்னரசு அண்ணன் தன் பேக்கரியை மறுபடி திறந்தார். மதியம் வரை ஓர் ஈகூட வரவில்லை. [ஈ வந்தது என்று அவரே சொல்வார். காசுதான் கொடுக்கவில்லையாம்.] அப்போது இளமதி சின்னப் பெண். தங்கைக்காக ஒரு தேங்காய் பன் வாங்கப் போனாள். அம்மாவின் போனால் ஸ்கேன் செய்தாள். பணம் வந்துவிட்டது என்று மேசைமேல் இருந்த பெட்டி சத்தமாகச் சொன்னது. போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுதானே வழக்கம்? தென்னரசு அண்ணன் காசைத் தேடி மேசையைப் பார்த்தார். பிறகு அந்தப் பேசுகிற பெட்டியையே தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து பேக்கரியில் கூட்டம்.*

செருப்புக்கடைக்காரர் இளமதியைத் தேடி வீட்டுக்கே வந்தார். பிறகு ஜூஸ் கடை. பிறகு பாத்திரக்கடை. நோட்டாகவே கொடுத்தனுப்புங்கள் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். ஜூஸ் கடை நாலு மாதத்தில் மூடியது. அன்றைக்கு அவள் டம்ளரை இடது கையால் வாங்கினாள் என்று தெருவே காரணம் கண்டுபிடித்தது. கைமேல் குற்றம் இல்லை, எந்தக் கை என்பதில்தான் குற்றம்.

* கால்வாய் வேலைக்காக மெயின் ரோட்டைத் தோண்டியிருந்தார்கள். அதனால் சேவூர் டவுன் பஸ் அந்த வாரத்திலிருந்து பேக்கரி வாசலில் நின்றது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் பஸ்ஸைப் போணிக்குக் கூப்பிடவில்லை.

4

இனி அபிதகுசாம்பாள். தெருவுக்கு அபிதாக்கா.

முதலில் எழுதியபோது அவளை இருட்டில் சுவரில் சாய்ந்து அழவைத்திருந்தேன். அழித்துவிட்டேன். இளமதி பார்த்தவரை அபிதாக்கா அழுகிற ஆள் இல்லை. அழவைக்கிற ஆள். கடை நடந்த காலத்தில், கத்தரிக்காய்க் கலர் சேலைக்கு நாவல்பழக் கலர் துணியைக் காட்டிப் "பொருந்துதா?" என்று கேட்ட ஒரு மாப்பிள்ளையிடம், "பொண்ணையாவது வேற யாராவது பாத்து முடிச்சாங்களா?" என்று கேட்டவள்.

அவளும் கணவர் மணவாளனும் ஒரு மேட்சிங் சென்டர் வைத்திருந்தார்கள். பட்டுச் சேலைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி, உள்பாவாடை, சேலையின் அடிக்கரையில் வைத்துத் தைக்கும் ஃபால்ஸ். மணவாளன் இரண்டாவது அலையில் போய்விட்டார். அன்று இறங்கிய ஷட்டர் இன்னும் ஏறவில்லை. அபிதாக்கா வீட்டிலேயே சேலைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக்கொடுக்கிறாள். கட்டடம் இராஜமாணிக்கத்துடையது. அவரைக் கெட்டவராக எழுதினால் கதைக்கு வசதி. ஆனால் அவர் இத்தனை வருஷம் பொறுத்தார். இப்போது ஒரு கூரியர்காரர் அந்த இடத்தைக் கேட்கிறார். ஆவணி ஒன்றாம் தேதி திறந்தால் உங்கள் கடை, இல்லாவிட்டால் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிடுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டார். ஆடி முடிந்து கல்யாணங்கள் தொடங்கும் மாதம். அந்த ஆவணி ஒன்றுதான் நாளை.

போன வாரம் அபிதாக்கா இளமதியின் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நீ போணி பண்ணாதான் ஷட்டர தூக்குவேன். இல்லன்னா சாவிய குடுத்துட்டு ஊட்லயே ஃபால்ஸ் அடிச்சிகினு கெடக்கறேன்."

அம்மா சிரித்தபடி, நீயே விளக்கேற்றி நீயே முதல் துணியைக் கிழித்தால் ஆகாதா என்று கேட்டாள்.

"நான் எப்டி? அவரு போனதுலேர்ந்து கல்யாணத்துல என்ன யாருனா முன்னாடி நிக்க வச்சாங்களா? கல்யாணத்துக்குத் துணி எடுக்க வர்றவங்க காலங்காத்தால என் மூஞ்சியில முழிப்பாங்களா? அதுக்குத்தான் இவ கை. இவ கை ஒரு தட்டுல, என் மூஞ்சி ஒரு தட்டுல. சரியாப் பூடும்." பிறகு இளமதியைப் பார்த்து, "தென்னரசு கடைய பாரு, எப்டி ஓடுதுன்னு" என்றாள்.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. இளமதி வருகிறேன் என்றாள்.

5

இன்று சாயந்திரம் வரை கதையில் பயம் இல்லை. பெருமைகூடக் கொஞ்சம் இருந்தது.

சாயந்திரம் இளமதி பிரெட் வாங்கப் பேக்கரிக்குப் போனாள். கடையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் பாதித் தட்டுகள் காலி. விற்றுக் காலியானவை அல்ல, வைக்காமல் விட்டவை. வருஷக்கணக்கில் இழுத்த கால்வாய் வேலை முடிந்து பஸ் இந்தச் சித்திரையிலேயே மெயின் ரோட்டுக்குத் திரும்பிவிட்டது.

தென்னரசு அண்ணன் பிரெட்டைப் பையில் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"இந்த ஆகஸ்ட்டோட மூடறேன் பாப்பா. ஓசூர்ல மச்சான் கடைக்கு மாஸ்டரா பூடறேன். அபிதாக்கா தெறக்கற வரைக்கும் வெளிய சொல்ல வேணாம்னு வச்சிருக்கேன். உன் கை மேல பழி வந்துடும், அதான். நீயும் சொல்லிகினு இருக்காத."

இளமதி தலையாட்டினாள். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நல்லதுக்குச் சொன்னதால்தான் பயம் வந்தது. அபிதாக்கா நம்புவது இவள் கையை. கைக்கு அத்தாட்சி இந்தப் பேக்கரி. பேக்கரிக்கு ஆயுள் ஆகஸ்ட் கடைசிவரை.

6

முடிவுகள்.

முதல் முடிவு: இளமதி ஒன்றும் சொல்லாமல் போகிறாள். ஒரு மீட்டர் துணி வாங்குகிறாள். அபிதாக்கா நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, தென்னரசு அண்ணன் மூடிய மறுநாள் என்ன ஆகும் என்று நான் எழுதாமல் விட்டதால்.

இரண்டாவது: இளமதிக்குக் காய்ச்சல். போகவில்லை. மதியத்துக்குள் சாவி கைமாறுகிறது, வாசலில் பார்சல் மூட்டைகள் இறங்குகின்றன. இதை எழுதும்போது என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சுடவில்லை. வெட்கமாக இருந்தது.

மூன்றாவது: இளமதி உண்மையைச் சொல்கிறாள். "அக்கா, என் கையில ஒண்ணும் இல்ல." அதைக் கேட்ட அபிதாக்கா, ஷட்டரைத் தூக்கக் குனிந்தவள்,

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவள் நிமிர்ந்தால் சாவியோடு இராஜமாணிக்கம் வீட்டுக்குத்தான் நடப்பாள். நிமிராமல் இருக்க அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். அது என்னிடம் இல்லை.

7

வெகு நேரம் கழித்து எழுதுகிறேன்.

இவள் கை ஒரு தட்டில், என் மூஞ்சி ஒரு தட்டில். அக்கா சொன்னதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இளமதி தன் கையை எடுத்துவிட்டால் அபிதாக்காவின் தட்டு தரையில் இடிக்கும் என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கை ராசி என்பது பொய் என்றால், மூஞ்சி ராசியில்லை என்பதும் அதே பொய்தான். சொன்ன வாய்கள் அதே வாய்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றை எறிய முடியாது. தராசே இல்லை.

இதை எப்படிச் சொல்வது?

"அக்கா, அறிவியல்படி பாத்தா—" இல்லை.

"அக்கா, மூடநம்பிக்கை—" வெளியே போடி என்பாள்.

"அக்கா, பேக்கரிக்கு ஆளு வந்தது பஸ்ஸால. பஸ்ஸு பூட்சி, அண்ணன் மூடறாரு. என் கைல ராசியும் இல்ல, உங்க மூஞ்சில தோஷமும் இல்ல. ரெண்டையும் இவங்களே வச்சாங்க. நீங்களே தொறங்க. நான் பின்னாடி நிக்கறேன்."

இது இருக்கட்டும். இதில் தென்னரசு அண்ணனுக்குத் தலையாட்டியதை மீறுகிறாள். அவர் காப்பாற்ற நினைத்தது அவளுடைய கையை. எனக்கு அந்தக் கை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். அண்ணன் வருத்தப்படுவார். தெருவில் பேஜார் கிளம்பும். பாத்திரக்கடைக்காரர் அம்மாவிடம் வந்து கேட்பார். பயம் போகவில்லை. ஆனால் இப்போது எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிகிறது.

8

அபிதாக்கா கேட்டுவிட்டு ஷட்டரைத் தூக்குவாளா? அவளைத் தூக்கவைக்க எனக்கு ஒரு வரி போதும். ஆனால் அவளுடைய கையை நான் எழுதக் கூடாது. என் கையை எல்லோரும் எழுதினார்களே, அப்படி ஆகிவிடும்.

தூக்கினால் என்று மட்டும் வைத்துக்கொள்கிறேன். தூக்கினால், அவளே விளக்கேற்றுவாள். அவளே முதல் துணியைக் கிழிப்பாள். இளமதி பேரம் பேசுவாள். ராசிக்காரி போணியில் பேரம் பேசமாட்டாள், வாங்க வந்தவள் பேசுவாள். "காலங்காத்தால இன்னாடி இது" என்று அபிதாக்கா திட்டுவாள். பிறகு இளமதி துணியை வாங்கிக்கொண்டு வெளியே வருவாள்.

அப்புறம்?

எங்கள் தெரு இத்தனை வருஷமும் முதலாவதையே தேடிக்கொண்டிருந்தது. முதல் விளக்கு, முதல் ஞாயிற்றுக்கிழமை, முதல் ஆள். இரண்டாவதாக ஒருவர் வர வேண்டுமே என்று யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. இரண்டாவது ஆளுக்கு மாலை இல்லை, போட்டோ இல்லை. கடை ஓடுவது அவரால்தான்.

அவரை எழுதிப் பார்த்தேன். படவேடு கிராமத்திலிருந்து ஒருத்தி, மகளுக்குக் கல்யாணம், பையில் மாம்பழக் கலர் சேலை, போனில் பார்த்து வாங்கிய துணி நேரில் பொருந்தவில்லை என்று நாலு கடை ஏறி இறங்கி... நன்றாக வந்துகொண்டிருந்தது. ஆனாலும் அழித்துவிட்டேன். கதையில் வருகிறவள் எவ்வளவு கேட்டாலும் அபிதாக்காவால் ஒரு முழம்கூடக் கிழித்துக்கொடுக்க முடியாது. அதற்குக் காலும் பையும் உள்ள ஒருவர் வர வேண்டும்.

ஆகவே அந்த இடத்தில் நான் யாரையும் எழுதவில்லை. இளமதி படியிறங்கி, வருகிறவருக்கு வழியை மறைக்காமல், ஓரமாக நகர்ந்து நிற்கிறாள்.