புளியறை வளைவு

"வெளிய வாங்க! தண்ணி கலங்குது, வெள்ளம் வருது, வெளிய வாங்க!"

பாறை விளிம்பில் நின்று உலகம்மை கத்தினாள். அருவி இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. காவல்காரர் விசிலை ஊதி எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். குளித்தவர்கள் ஈரத்துணியோடு ஓடி வந்தார்கள். பலவேசம் மட்டும் பாறையோடு ஒட்டி, தலையைக் குனிந்து, நின்ற இடத்திலேயே நின்றான். அவன் தோளில் பட்டுத் தெறித்த தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டிருந்தது. காவல்காரர் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"காது கேக்காதாவே ஒமக்கு?"

பலவேசம் அவரைப் பார்க்கவில்லை. மனைவியிடம் சொன்னான்: "உள்ள நிக்கும்போது அந்தச் சத்தம் கேக்க மாட்டேங்குது ஏட்டி. அங்கனயே இருந்துரலாம் போல இருக்கு."

அவள் அவன் தலையைத் துவட்டினாள்.

அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும். செங்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்த வருஷத்திலிருந்து அவன் ஆரியங்காவு பஸ்ஸை ஓட்டுகிறான். மூன்று மாதத்துக்கு முன்னால், பங்குனி வெயிலில், புளியறை மலைப்பாதை வளைவில் விறகுக்கட்டோடு ஒதுங்கி நின்ற ஒரு பெண், கால் இடறி அவன் பஸ்ஸின் பின்சக்கரத்தில் விழுந்து இறந்துபோனாள். டிரைவர் மேல் குற்றமில்லை என்று போலீஸே எழுதிவிட்டது. ஆனால் அதன்பிறகு அந்த வளைவு வந்தால் பலவேசம் பஸ்ஸை நிறுத்திவிடுவான். இறங்கிப்போய்க் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்ப்பான். விறகு முறிகிற சத்தம் கேட்டது என்பான். பிரயாணிகள் கொஞ்ச நாள் பொறுத்தார்கள். பிறகு முதலாளியிடம் போனார்கள்.

முதலாளி நாறும்பூநாதன் கெட்ட மனுஷர் இல்லை. வேறொருவராக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். "பதினோரு நாள் குத்தாலத்துல எண்ணெய் தேச்சுக் குளி. பைத்தியமே தெளியுத தண்ணி. ஒனக்கு என்ன, வெறும் பயம்தானலே" என்று சத்திரத்தில் அறையும் பிடித்துக் கொடுத்தார். பலவேசம் கேட்டது வேறு. "ஷெட்டுல வண்டி கழுவுதேன் முதலாளி. ஸ்டீரிங் மட்டும் வேண்டாம்." அதற்கு அவர் சிரித்துவிட்டார். "பதினாலு வருஷம் வண்டி ஓட்டுனவன் கையில வாளியக் குடுத்தா ஊரு என்னய என்னலே சொல்லும்?"

பதினோராவது நாளான அன்று, அருவியிலிருந்து இருவரும் திரும்பியபோது, சத்திரத்து வாசலில் கண்டக்டர் கிதிர் முகம்மது காத்திருந்தான்.

"மதினி, தங்கசாமி அண்ணன் ஒத்தையாளா ரெண்டு டிரைவரு டூட்டி பாத்து ஓஞ்சு போய்ட்டாரு. இன்னைக்கு ஒரு மணி வண்டிக்கு அண்ணன் வர முடியுமான்னு முதலாளி கேட்டுட்டு வரச் சொன்னாவ." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நெசத்தச் சொல்லுங்க. அண்ணன் நல்லா ஒறங்குதாவளா?"

அப்போது பக்கத்து அறையிலிருந்து, காலில் சங்கிலி போட்ட ஒருவனை அவன் வீட்டார் குளிக்கக் கூட்டிப்போனார்கள். அவன் உலகம்மையைப் பார்த்து, ரொம்ப நாள் பழகியவளைப் போலச் சிரித்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தென்காசியில் அவர்கள் தெருக்காரர்கள் ஏற்கெனவே கேட்க ஆரம்பித்திருந்தார்கள், ஒன் மாப்பிள்ளைக்குத் தெளிஞ்சிட்டா என்று.

"நல்லா ஒறங்குதாவ தம்பி" என்றாள்.

பலவேசத்தின் காதில் அது விழுந்தது. அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு உள்ளே போய்க் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

சத்திரத்தைக் காலி செய்துவிட்டுத் தென்காசி வீட்டுக்கு வந்து அவள் உலை வைத்தபோது மணி மூன்றிருக்கும். வெயிலும் சாரலும் மாறி மாறி அடித்தன. தெருமுனையில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்தாள். நாலாவது தடவை வந்தது முதலாளியின் கார். அவர் குடையைக் கையில் வைத்துக்கொண்டே, விரிக்காமல், நனைந்தபடி நடந்து வந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் பகலில்தான் உடலைக் கொண்டுவந்தார்கள். நடந்ததைக் கிதிர் முகம்மது சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"வளைவுல ஒரே மஞ்சு, பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியலை. அண்ணன் வண்டிய மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்துனாரு. ஹேண்ட் பிரேக் போட்டாரு. என்னைக்கும் இல்லாம நாலு சக்கரத்துக்கும் கல்லு வச்சாரு. பாத்துட்டு வந்துருவாருன்னு இருந்தோம். ஆளு வரலை மதினி. எதிர்ல தங்கசாமி அண்ணன் வண்டி வந்துச்சு. அவருதான் பள்ளத்துல இறங்குனாரு. அவருதான் தூக்கிட்டு வந்தாரு."

"கால் கீல் வழுக்கிருக்குமோ?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். கிதிர் முகம்மது வெளியே போய்விட்டான்.

"முப்பத்தெட்டுப் பேரு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "கடைசி வரைக்கும் டிரைவராவே இருந்துட்டான்." சொல்லும்போது அவர் கண் கலங்கியது உண்மைதான்.

சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் சிற்றாற்றில் முழுகிவிட்டுத் திரும்பினார்கள். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். முதலாளி கார் பக்கம் போகும்போது திரும்பி, "தங்கசாமி, காலம்பற ஆரியங்காவு வண்டிய நீ எடுத்துரு" என்றார்.

"சரி முதலாளி."

தங்கசாமி தண்ணீர்த் தொட்டியடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த உலகம்மைக்கு ஜன்னல் வழியாக அது தெரிந்தது. செம்பில் மொண்டு ஊற்றினார். பலவேசத்தைத் தூக்கிவந்த இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் தேய்த்தார். மறுபடியும் மொண்டார். அவர் ஆற்றில் முழுகிவிட்டு வந்தவர். வேட்டி இன்னும் காயவில்லை.

உலகம்மை எழுந்தாள். "ஏட்டி, வெளிய போகக் கூடாது" என்று யாரோ முந்தானையைப் பிடித்தார்கள். இழுத்து விடுவித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"முதலாளி."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அவுக ஒறங்கலை. பதினோரு நாளும் ஒரு பொட்டு ஒறங்கலை. நல்லா ஒறங்குதாவன்னு நான்தான் பொய் சொன்னேன்."

"அதெல்லாம் இப்பம் எதுக்குத் தாயி. உள்ள போ."

"தங்கசாமி அண்ணன்கிட்ட கேளுங்க. நேத்து ஒறங்குனீரான்னு கேளுங்க." அவள் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினாள். "ஒறங்குனேன்னுதான் சொல்லுவாரு. இன்னொரு தடவ கேளுங்க."

முதலாளி கார்க் கதவிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டுத் தொட்டியடிக்கு நடந்தார். தங்கசாமி நிமிரவில்லை. முதலாளி அவர் பக்கத்தில் போய் நின்றார். செம்பு தொட்டிக்குள் போய் வந்தது, போய் வந்தது. இரண்டு பேர் மேலும் சாரல் விழுந்துகொண்டிருந்தது.