சாரதி இறங்கத் தேவையில்லை

தென்னகும்புர பாலத்துச் சோதனைச் சாவடியில் ஒரு சட்டம் இருந்தது. வாகனத்தில் வருகிறவர்கள் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி பாலத்தை நடந்தே கடக்க வேண்டும். சாரதி மட்டும் இறங்கத் தேவையில்லை. சோதனை முடிந்ததும் அவர் வாகனத்தை மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய் அக்கரையில் நிறுத்தி, தன்னுடைய ஆட்கள் நடந்து வரும்வரை காத்திருப்பார். தொண்ணூற்றெட்டில் கண்டி நகரத்தில் குண்டு வெடித்த பிறகு இந்தச் சட்டத்தில் ஒருவருக்கும் விலக்குக் கிடைப்பதில்லை.

எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. முதுகில் வளர்ந்த கட்டியை எடுத்ததோடு கால்களும் போய்விட்டன. அதற்காக வேலையை விட்டுவிட்டு வீட்டில் குந்தியிருக்கிற ஆள் நான் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுப்பவளுக்குக் காது வேண்டும், வாய் வேண்டும், மூன்று பாஷை வேண்டும். கால் எதற்கு? குண்டசாலை வீட்டிலிருந்து கண்டிக்குத் தினமும் முச்சக்கர வண்டியில் போய்வந்தேன்.

பாலத்தில்தான் கரைச்சல். என் கணவர் சோதிலிங்கம் என்னைத் தூக்கிக்கொண்டு நடப்பார். பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் விலகி வழி விடுவார்கள். "அனே பவ்" என்று பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஐயோ பாவம் என்பதை எந்தப் பாஷையில் கேட்டாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். அக்கரை வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு அவருடைய தோளில் கிடப்பேன்.

ஒருநாள் என்னை வண்டியில் ஏற்றிவிட்டு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது சொன்னேன். "இஞ்சருங்கோ, சாரதிதானே இறங்கத் தேவையில்லை? அப்ப நான் சாரதியாகிறன்."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவரில் எனக்குப் பிடித்த குணம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞர். எந்த விசர்க் கதையையும் முதலில் கடதாசியில் கீறிப் பார்ப்பார், பிறகுதான் விசர் என்பார். அன்று பின்னேரமே மேசையில் கடதாசியை விரித்துவிட்டார்.

சாதாரணக் கார் சரிவராது என்று கீறிப் பார்த்ததும் தெரிந்தது. நான் சக்கர நாற்காலியிலிருந்து ஆசனத்துக்குச் சறுக்கி ஏற வேண்டும். ஏறிய பிறகு நாற்காலியை நானே மடித்துப் பின்பக்கம் இழுத்து வைக்க வேண்டும். முன் யன்னலுக்கும் பின் யன்னலுக்கும் நடுவில் நிற்கிற தூண் அதற்கு இடம் விடாது. தூண் இல்லாத கார் எங்கே இருக்கிறது என்று அவர் மாதக்கணக்கில் ஊரெல்லாம் விசாரித்தார்.

அது மடுல்கெல்லவில் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன ஹில்மன், ஐம்பத்தைந்தாம் ஆண்டுக்காரி. ஹார்ட்டொப் என்பார்கள். மேலே இரும்புக் கூரை, பக்கத்துக்கு ஒரே ஒரு அகலக் கதவு, தூண் என்ற பேச்சே இல்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டால் முன்னிருந்து பின்வரை ஒரே வெளி. உள்ளே கோழிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. அவற்றைக் குடியெழுப்பிவிட்டு, காரை லொறியில் ஏற்றிக் கலகெதரைக்கு, முஹைதீனின் கராஜுக்குக் கொண்டுபோனோம்.

முஹைதீன் டிங்கரிங் வேலைக்குப் பெயர் போனவர். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், கூரையைத் தடவினார், எங்களுடைய வரைபடத்தைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போனார்.

"இத வெட்டச் சொல்றீங்களா சேர்? இந்த நாட்டில இப்படி ஒண்டு ரெண்டுதான் ஈக்கும். பழைய கார் சேர்க்கிற ஆக்கள் கண்டா அழுவாங்க."

"அழுறவை அழட்டும். நான் ஏறிப்போக வேணும்" என்றேன் நான், நாற்காலியில் இருந்தபடி.

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு மனைவி ஹபீலாவைக் கூப்பிட்டு எங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அதற்குப் பிறகு வெட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, வெட்டினார்.

ஒரு வருடத்துக்கு மேல் போனது. விபத்தில் நசுங்கிய ஜப்பான் காரொன்றின் எஞ்சினையும் ஓட்டோ கியரையும் வாங்கி, அடித்தட்டை வெட்டி அகலப்படுத்தி உள்ளே இறக்கினார்கள். கிளட்ச் தொல்லை அதோடு தீர்ந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி வைத்தார்கள். முன்னால் தள்ளினால் பிரேக், என் பக்கம் இழுத்தால் வேகம். ஆசனத்தை மட்டும் மூன்று தரம் மாற்றினார்கள், ஏனென்றால் என்னைத் திருப்திப்படுத்துவது லேசில்லை. கடைசியில் கடும் பச்சை நிறம் அடித்து வெயிலில் நிறுத்தியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த அதிசயத்தை என் கணவர் இப்போதும் எல்லோருக்கும் சொல்லுவார்.

குண்டசாலையில் ஆள் நடமாட்டமில்லாத பண்ணை வீதியில் அவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பழகி, பரீட்சைக்குப் போய், அனுமதிப்பத்திரமும் எடுத்தேன். என்னைப் பரீட்சித்த உத்தியோகத்தர் இறங்கிய பிறகும் காரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகுதான் அதைக் கண்டேன். கீழே விழுந்த பேனையை எடுக்கக் குனிந்தபோது, இடதுபக்க ஆசனத்துக்கு முன்னால், மறைவில், இன்னொரு கைப்பிடி. அதிலிருந்து ஒரு கேபிள் பிரேக்குக்குப் போயிருந்தது.

"இதென்ன?"

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்றார் என் கணவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

பண்ணை வீதியில் வளைவுகளில் கார் தானாகவே அடங்கிப்போனது நினைவுக்கு வந்தது. என்னுடைய கெட்டித்தனம் என்றல்லவா நினைத்திருந்தேன்! எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

"இவ்வளவு காலமும் எனக்குக் காலாய் இருந்தது காணும். இப்ப கையாயும் இருக்கப் போறியளோ?"

 அவர் அதைக் கழற்றவில்லை. ஒரு கிழமை நாங்கள் உப்பையும் புளியையும் பற்றி மட்டும் பேசினோம்.

காரில் முதல்முறையாக வேலைக்குப் புறப்பட்டது ஒரு திங்கட்கிழமை. நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் இருந்தார். கை எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரியும். பாலத்தடியில் நீளமான வரிசை. எங்களுடைய முறை வந்ததும் ஒரு கோப்ரல் குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தான். கைப்பிடிகளையும் கேபிள்களையும் கண்டதும் அவனுடைய முகம் மாறியது. இன்னும் இரண்டு பேர் துவக்கோடு வந்து நின்றார்கள்.

என் கணவர் பேசுகிற சிங்களம் சீருடையைக் கண்டால் ஓடி ஒளிந்துவிடும். ஆகவே நான்தான் பேசினேன். எக்ஸ்சேஞ்சில் கோபக்காரர்களைச் சமாளிக்கிற அதே குரலில், கால் இயங்காததைச் சொன்னேன், கைப்பிடியைத் தள்ளிக் காட்டினேன், இழுத்துக் காட்டினேன். கோப்ரல் மெதுவாகத் தலையாட்டினான்.

"சரி, இது உங்களுக்கு. அந்தப் பக்கத்தில் இருப்பது எதற்கு?"

நான் என் கணவரைப் பார்த்தேன். "அதை நீங்களே சொல்லுங்கோ."

அவருக்கு வியர்த்தது. கடைசியில், "மட்ட பயாய், சேர்" என்றார். எனக்குப் பயம் என்று அர்த்தம்.

"எங்களைக் கண்டா?"

"இல்லை. இவவை நினைச்சு. இவ காரோடை ஆத்துக்குள்ளை போயிடுவா எண்டு." பாதி சிங்களம், பாதி தமிழ். ஆனால் விளங்கவேண்டியது விளங்கிவிட்டது. துவக்கோடு நின்ற ஒருவனுக்குச் சிரிப்பு வந்தது.

கோப்ரல் சிரிக்கவில்லை. அந்தக் கேபிளைக் கழற்றிக் காட்டச் சொன்னான். அவர் குறடெடுத்துக் கழற்றினார். வெறும் கம்பிதான் என்று அவன் இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டதும், பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது.

"போங்கள், போங்கள். ஐயா இறங்கி நடங்கள். அம்மா ஓட்டிக்கொண்டு போகட்டும்."

"இதைத் திரும்பப் பூட்டிப்போட்டு…"

"நடங்கள்!"

அவர் இறங்கினார். கதவைச் சாத்திவிட்டும் நகராமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மெல்ல" என்றார். நான் கைப்பிடியை என் பக்கம் இழுத்தேன்.

கார் பாலத்தில் ஏறியது. கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருந்தன. இந்தப் பக்கம் மகாவலி, அந்தப் பக்கம் மகாவலி, நடுவில் நான். தினமும் கண்ணை மூடிக்கொண்டு கடந்த ஆறு இவ்வளவு அகலம் என்று அன்றுதான் தெரிந்தது. சந்தோசத்தில் ஏதோ பழைய தேவாரத்தைக் கத்திப் பாடினேன். பாலத்தின் பாதி வரைக்கும் அவருடைய நினைவே எனக்கு வரவில்லை. அதையும் மறைக்கப் போவதில்லை.

அக்கரையில் மண்மூட்டைகளைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். வாழ்க்கையில் முதல்தரமாக நான் அவருக்காகக் காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் பஸ்காரக் கூட்டத்தின் நடுவில் அவர் வந்துகொண்டிருந்தார்.

கால்கள் போன பிறகு, அவர் நடப்பதை நான் தூரத்தில் வைத்துப் பார்த்ததில்லை. நாற்காலியைத் தள்ளும்போது பின்னால் இருப்பார், தூக்கும்போது நான் அவர்மேல் இருப்பேன். இப்போது கையை வீசிக்கொண்டு, ஒரு சுமையும் இல்லாமல் வருகிறார். அப்படியும் இடது தோள் கீழே இறங்கியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. பாலத்தில் நான் கிடந்து வந்த பக்கம் அது. நான் பாரம் என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கத்துப் பாரம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு கிழமைக் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை, கண்ணால் கொட்டியது.

அவர் வந்து கதவைத் திறந்தார். முகம் வெளிறியிருந்தது.

"பயந்தனீரோ?" என்று கேட்டார்.

"இல்லை. நீங்கள்?"

"ஓம்" என்றார். ஏறி இருந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவருக்கு மூச்சு அடங்கட்டும் என்று நான் கொஞ்ச நேரம் காரை எடுக்காமல் இருந்தேன்.