திறக்காத இரண்டு உறைகள்

எனக்குக் கோபம் அடிக்கடி வராது. வந்தால் சீக்கிரம் போகாது. 1908-இல் வந்த கோபத்தைச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பீச் ரோடு சர்க்கஸ் கொட்டகையில் அன்று இருந்த இரண்டாயிரம் பேரும் சாட்சி. அவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. அதற்கு நான் பொறுப்பல்ல.

அப்போது சிராங்கூன் ரோட்டில், பஃபலோ ரோடு முக்கில், கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதையில் உட்கார்ந்து இடுப்புவார் தைத்துக்கொண்டிருந்தேன். நம் ஆட்கள் கைலிக்கு மேல் கட்டுவார்களே, நாலு விரல் அகலத்தில், அந்த வார். முன்னால் இரண்டு பை, பைக்கு மூடி, மூடிக்குப் பொத்தான். நூர்தீன் வார் என்று தெரிந்தால் ஜேப்படிக்காரர்கள் சலாம் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போவார்கள். ஒருவன் மட்டும் துணிந்து விரலை விட்டான். மூடி விரலோடு சேர்ந்து பூட்டிக்கொண்டது. வார் கட்டியிருந்தவர் அன்று நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார். வேறு வழியில்லாமல் அவனும் ஏறினான்.

ரகசியம் கள்ளப் பொத்தானில் இருந்தது. வெளியே தெரிகிற பொத்தான் சும்மா. மூடியை அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். திறக்கிற பொத்தான் வேறோர் இடத்தில் மறைந்திருக்கும், வாருக்கு வார் இடம் மாறும். அது எங்கே என்று வாரைக் கட்டப் போகிறவரிடம் மட்டும், காதோடு, பக்கத்தில் ஆள் இல்லாதபோது சொல்ல வேண்டும். என் வாப்பா வைத்த சட்டம் இது. பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லக் கூடாது. பெண்டாட்டிக்குத்தான் முக்கியமாகச் சொல்லக் கூடாது என்பார் வாப்பா.

அந்த வருடம் அமெரிக்கா சர்க்கஸ் ஒன்று வந்தது. அதில் குதிரை மேல் பாய்ந்துகொண்டே இரண்டு கையாலும் சுடுகிறவன் கேப்டன் புரூஸ்டர். எந்தப் படைக்குக் கேப்டன் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய தொப்பியோடு என் முன்னால் வந்து நின்றான். என் மனைவியின் தம்பி ஒலி முகம்மதுக்கு இங்கிலீஷ் வரும். அவன்தான் பேச்சை மாற்றிச் சொன்னான்.

"மச்சான், இவரோட துப்பாக்கி வாரைக் கப்பல்ல எலி தின்னுடுச்சாம். புதுசா ஒண்ணு வேணுமாம். ரெண்டு பக்கமும் உறை, நடுவுல தோட்டா சொருக நாப்பது வளையம்."

"துப்பாக்கியைக் காட்டச் சொல்லு."

"அது போலீஸ்ல இருக்காம். ஆட்டத்தன்னைக்குத்தான் கையில கொடுப்பாங்களாம். அதே அளவுல மரத்துல செஞ்சு கொண்டாந்திருக்காரு."

"வேற என்ன சொல்றான்?"

"குதிரை எப்படிப் பாய்ஞ்சாலும் துப்பாக்கி கீழ விழக் கூடாதாம். அதை மட்டும் மூணு வாட்டி சொல்லிட்டாரு."

கவனியுங்கள். விழக் கூடாது என்று மூன்று தடவை சொன்னான். வெளியே வர வேண்டும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கண்டாங் கெர்பாவ் மாட்டுச் சந்தைக்குப் பக்கத்துத் தோல் பட்டறையில் எருமை முதுகுத்தோல் எடுத்தேன். அந்த எருமை உயிரோடு இருந்தபோது இரண்டு டிராம் வண்டிகளை நிறுத்தியிருக்கிறது. தோலை ஊறவைத்து, மரத்துப்பாக்கியின் மேல் போர்த்தி, கொம்புத் துண்டால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். விசையும் பிடியும் தோலுக்கு மேலே அச்சாகத் தெரிந்தன. வெயிலில் வைத்தால் வெடிக்கும் என்று நிழலிலேயே நாலு நாள் கட்டிவைத்தேன். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, மெழுகு தேய்த்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகக் குத்தி இழுத்தேன். வாரில் கீறல் போட்டு, ஒரே நாடாவை உள்ளும் வெளியுமாக விட்டு நாற்பது வளையம் எடுத்தேன். மூடிமேல் பூவேலை செய்தேன். ஒவ்வோர் உறைக்கும் ஒரு கள்ளப் பொத்தான். அப்படி ஒரு வாரை நான் அதற்கு முன்னால் தைத்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வாரை எடுத்துப் போக சர்க்கஸ் மானேஜர் வந்தான்.

"கேப்டன் எங்கே? அவர் வரணும். திறக்கிற விதம் அவருக்கு மட்டும்தான் சொல்லுவேன்" என்றேன்.

ஒலி முகம்மது மாற்றிச் சொன்னதும் மானேஜர் சிரித்தான். பையைத் திறக்கத் தெரியாத ஆள் உலகத்தில் உண்டா என்றானாம். வாரைத் தோளில் போட்டுக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறிவிட்டான்.

"ஏன்டா விட்டே?" என்று கத்தினேன்.

"நாலு மணிக்கு ஆட்டம் மச்சான். நாம நேரா போய்ச் சொல்லிடலாம் லா."

போனோம். வாசலில் எங்களை உள்ளே கேப்டனிடம் விடவில்லை. வேலைக்காரன் வழி அந்தப் பக்கம் என்றான் காவல்காரன். ஏற்கெனவே இருந்த கோபத்தின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. டிக்கெட் எடுத்துப் பலகைமேல் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் எங்கள் தேக்கா வட்டாரத்து ஆட்கள். ஆளுக்கு ஆள் இடுப்பில் என் வார். முன் பலகையில் மாட்டுத் தரகர் சுந்தரம்.

வெள்ளைக் குதிரையில் கேப்டன் பாய்ந்து வந்தான். மேஜைமேல் ஆறு பாட்டில்கள். இரண்டு கையும் இடுப்புக்குப் போயின. மூடியைத் தட்டின. மறுபடி தட்டின. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. நாலாவது சுற்றில் குதிரைக்கே நம்பிக்கை போய்விட்டது, நின்றுவிட்டது.

கொட்டகை சிரித்தது. கேப்டன் கீழே குதித்து, உறையை இழுத்துக்கொண்டே ஏதோ கத்தினான்.

"என்ன சொல்றான்?"

"வேணாம் மச்சான்."

"சொல்லுடா."

"செருப்புத் தைக்கிற கிளிங்கு ஒருத்தன் கெடுத்துட்டானாம். அவனுக்குத் தோல் வேலையே தெரியாதாம்."

கிளிங்கு என்று நம்மை அவர்கள் திட்டுவது புதிதல்ல. செருப்புத் தைப்பதும் கேவலமில்லை. ஆனால் முன் பலகையில் சுந்தரம் குனிந்து, தன் வாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் இழுத்துப் பார்த்தார். அந்த வரிசை முழுவதும் இழுத்துப் பார்த்தது. பதினோரு வருடமாக நான் சேர்த்த பெயர் என் கண்ணெதிரிலேயே ஒவ்வோர் இடுப்பாகக் கழன்றுகொண்டிருந்தது.

மரத்தூள் பரப்பிய வட்டத்துக்குள் இறங்கிப் போனேன். ஒலி முகம்மது பின்னாலேயே ஓடிவந்தான்.

"தைச்சவன் நான்தான்னு சொல்லு."

சொன்னான். திற என்றான் கேப்டன்.

"திறக்க மாட்டேன். தோல் வேலை தெரியாதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னான்ல? எல்லார் முன்னாடியும் அதைத் திரும்ப வாங்கணும். நூர்தீன் தைச்ச நல்ல வார்னு, என் பேரைச் சொல்லிச் சொல்லணும்."

"மச்சான், அவர் கையில கத்தி இருக்கு."

"இருக்கட்டும். வாரும் இருக்கு."

கேப்டன் கத்தியால் மூடியை அறுத்தான். கத்தி மழுங்கியது. வாருக்கும் உறைக்கும் நடுவில் கயிறு மாட்டி நாலு பேரை இழுக்கவிட்டான். நாலு பேரும் விழுந்தார்கள். மானேஜர் யானையைக் கொண்டுவரச் சொன்னான். யானை இழுத்தது. வார் அறவில்லை. வாரோடு சேர்ந்து கேப்டனும் வட்டத்தை ஒன்றரைச் சுற்று சுற்றினான். கடைசியில் தையல் விட்டது. என் தையல் இல்லை, அவன் கால்சட்டையின் தையல்.

இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேண்டியது சிரிப்பில்லை.

மரத்தூளில் நீளமான உள்சட்டையோடு உட்கார்ந்திருந்த கேப்டன் மூச்சு வாங்கிக்கொண்டு ஏதோ முனகினான்.

"நல்ல வார்ங்கிறாரு மச்சான்."

"உரக்க. பேரோட."

"நோர்டன்" என்று கத்தினான் கேப்டன்.

"நோர்டன் யாருடா? அவன்கிட்டயே போய்த் திறந்துக்கச் சொல்லு."

இப்போது கொட்டகையே எழுந்து நின்றது. "நூர்... தீன்!" என்று சொல்லிக் கொடுத்தது. ஐந்தாவது தடவை அவன் சரியாகச் சொன்னான். பெயரைச் சொன்னான், நல்ல வார் என்றான், தோல் வேலை தெரிந்தவன் என்றான். ஒலி முகம்மது ஒவ்வொன்றையும் தமிழில் நாலு பக்கமும் திரும்பிக் கத்தினான்.

சொன்னவனுக்குத் திறந்து காட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். அவன் காதில் தமிழில் சொன்னால் புரியாது. இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியாது. ஒலி முகம்மது வழியாகச் சொன்னால் வாப்பாவின் சட்டம் போய்விடும். தோளில் இருந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் கைமேலும் போட்டேன். அடியில் அவன் விரலைப் பிடித்துக் கள்ளப் பொத்தான் மேல் வைத்தேன். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவது அப்படித்தான். பலகையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வெள்ளைக்குதிரையா? எவ்வளவுக்குய்யா முடிஞ்சுது?"

மூடி திறந்தது. கேப்டன் துப்பாக்கிகளை உருவி ஆறு பாட்டிலையும் உடைத்தான். பிறகு ஒலி முகம்மதிடம் திரும்பி ஏதோ கேட்டான்.

"மூடி ரெண்டையும் வெட்டி எடுத்துத் தரச் சொல்றாரு. சட்டுனு உருவணுமாம்."

தணியப் பார்த்த கோபம் திரும்பி வந்தது.

"கண்டவன் உருவுற பைக்கு நூர்தீன் எதுக்கு? ஒரு சாக்குல ஓட்டை போட்டு மாட்டிக்கச் சொல்லு. மூடி இல்லாம என் வார் கிடையாது. வேணாம்னா இங்கயே கழட்டி வைக்கட்டும்."

அதை மாற்றிச் சொன்னபோது கேப்டன் வாரைப் பார்த்தான். யானையைப் பார்த்தான். கழற்றவில்லை. மீதி மூன்று வாரமும் துண்டோடுதான் ஆட்டத்துக்கு வந்தான். கை துண்டுக்கு அடியில் போகும், கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் துண்டுக்காகவே ஜொகூரிலிருந்து கூட்டம் வந்தது.

திங்கட்கிழமை காலை சுந்தரம் என் முன்னால் வந்து நின்றார்.

"பாய், நமக்கும் அந்த மாதிரி பெரிய பை வைச்சு ஒண்ணு தைங்க."

"துப்பாக்கி வாங்கிட்டீங்களா?"

"வெத்தலைப் பெட்டி வைக்கத்தான்."

"சனிக்கிழமை கொட்டகையில வாரை இழுத்துப் பார்த்தீங்களே, எதுக்கு?"

அவர் கண்டாங் கெர்பாவ் பக்கம் பார்த்தார். "சும்மா... அரிச்சுது பாய்."

"கையைத் தூக்குங்க."

அளந்தேன். நாற்பது அங்குலம். முப்பத்தெட்டுக்கு வெட்டினேன்.