உப்புப் போடாத கஞ்சி

விடிந்ததும் மயில்வாகனம் எழும்புவான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவான். முகம் கழுவி, சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து வெந்நீர்க் குளியல் கொட்டகையான மடுவத்துக்குப் போவான். அடுப்பில் கோப்பித் தொலி எரிகிறதா என்று பார்ப்பான். மூங்கில் பீலியால் வந்து மேல்தொட்டியில் விழுந்த நீர் கலங்கலாயிருந்தால் சீனாக்காரக் கட்டியை அதில் சுழற்றுவான். சேறு அடியில் படிந்ததும் தெளிந்த நீரைக் கீழே செம்புத் தொட்டிக்குத் திறந்துவிடுவான். வாளியில் வெளுப்புத் தூளைக் கரைத்து, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கிளறுவான். காத்திருப்பான். மணந்து பார்ப்பான். கதவைத் திறந்து வைப்பான். மனைவி இறந்த பிறகும் இதில் ஒரு நாளும் தவறவில்லை. ருசிதான் போய்விட்டது, சோற்றில் போனதைப் போல.

கண்டி வாவிக்கு மேலே, சரிவில் இருந்தது அந்த மடுவம். மூட்டுவாதம் பிடித்த கோப்பித் தோட்டத்துத் துரைமாருக்காக ஒரு டொக்டர் கட்டியது. நாலு பேர் கழுத்தளவு வெந்நீரில் உட்காரலாம். வாரத்தில் செவ்வாய் மட்டும் பெண்களுக்கு. நிரப்பிச் சூடாக்கப் பல மணி நேரம் பிடிக்குமாதலால் ஒரே நீரில் பலர் இறங்கினார்கள். ஒருவர் உடம்பின் நோய் இன்னொருவருக்கு ஒட்டாமலிருக்கத்தான் வெளுப்புத் தூள். குறைந்தால் நீர் கெடும். கூடினால் கண் எரியும், தோல் உரியும். யாழ்ப்பாணத்துக் கல்லூரியில் இரசாயனம் படித்தவன் என்பதற்காகவே டொக்டர் மயில்வாகனத்தை வேலைக்கு வைத்தார்.

அளவு பார்க்க ஒரு வழி இருந்தது. சோற்றுக் கஞ்சியில் அயடைட்டு என்ற இரசாயனத்தைக் கலந்து தாளில் பூசி உலர்த்தினால் போதும். அந்தத் தாளை நீரில் தொட, வெளுப்பு மருந்து மிச்சம் இருந்தால் நீலமாகும். இல்லையென்றால் வெள்ளையாகவே கிடக்கும். வழியைச் சொன்னவன் மயில்வாகனம். அவன் காய்ச்சிய கஞ்சியோ கட்டி கட்டியாய் வந்தது. மனைவி பாலாம்பிகை பானையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்கள் படிச்சது போதும். அரிசியை எனக்கு விடுங்கோ.”

அன்று முதல் தாள் அவள் பொறுப்பு. செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் வரிசையாய் நிற்க, அவள் தாளை நீரில் தொட்டு உயர்த்திக் காட்டுவாள். தேர்த் திருவிழாவில் திரை விலகினாற்போல் எல்லோரும் பார்ப்பார்கள். நீலம் கண்ட பிறகே இறங்குவார்கள். காய்ச்சலில் அவள் போன பின்னர், அவள் பூசி வைத்த தாள்களை ஒவ்வொன்றாய் எடுத்தான். தகர டப்பாவில் கடைசித் தாள் மிஞ்சியபோது மூடியை மூடிவிட்டான். போன கிழமை மூக்கை நம்பினான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்தச் செவ்வாய் அக்குறணையிலிருந்து ஸுலைஹா வந்தாள். கடைக்காரரின் மனைவி, பருத்த உடம்பு, முழங்கால் வலிக்காரி. மாட்டு வண்டியிலிருந்து இறங்கும்போதே முனகினாள். கணுக்காலில் துணி சுற்றியிருந்தது.

“அது என்னங்க உம்மா?” என்று கேட்டாள் பேச்சியம்மா. தோட்டத்திலிருந்து வந்து மடுவத்தில் அடுப்பும் தொட்டியும் பார்ப்பவள் அவள்.

“பலா வேர்ல இடிச்சி புண்ணாகி ஆறி வருது. எறங்கலாந்தானே?”

“ஐயாவக் கேளுங்க. நான் சொன்னா யாரு கேக்குறா? நேத்து நான் ஆக்கிக் குடுத்த சோறுகூட அப்படியே திரும்பி வந்துச்சு. எங்கூட்டுக் கோழி குண்டாயிட்டே வருது.”

மயில்வாகனம் வாசலில் நின்றபடி, “தண்ணி சரியாயிருக்கு. இறங்கலாம்” என்றான்.

ஸுலைஹா அசையவில்லை. “கடதாசி எங்க மகன்?”

“மணந்து பார்த்தனான்.”

“ஒங்கட உடுப்பெல்லாமே அந்த மணந்தான் ஈக்கிது. மூக்குக்கு எது தண்ணி, எது சட்டை எண்டு எப்பிடித் தெரியும்? அந்தப் புள்ள நீலம் காட்டாம எறக்கினதில்ல. புண்ணோட நான் எப்பிடி எறங்க?”

பாலாம்பிகையும் இதையே சொல்லியிருக்கிறாள். மூக்கு உத்தியோகம் பார்த்துப் பார்த்துக் களைத்துப் போச்சு, அதுக்கு லீவு குடுங்கோ என்பாள்.

அவன் உள்ளே போய் டப்பாவைத் திறந்தான். தாளின் ஒரு மூலையில் அவள் பெருவிரல் ரேகை கஞ்சியில் பதிந்து காய்ந்திருந்தது. அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு மறு நுனியை நீரில் தொட்டான்.

வெள்ளை. கொஞ்சம் பொறுத்தான். அப்போதும் வெள்ளை.

தூள் போட்டது நிச்சயம். அப்படியானால் ஏதோ ஒன்று நீருக்குள் இருந்து அதைத் தின்றிருக்கிறது. சட்டைக் கையை மடித்துத் தொட்டியின் உட்படிக்குக் கீழே துழாவினான். ஒரு துணி மூட்டை அகப்பட்டது. பிழிந்தபோது பழுப்பாய் வடிந்தது.

“புளி” என்றான்.

பேச்சியம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். “செம்புக் களிம்பு விடலீங்க, ஐயா. நேத்து ஊற வச்சுத் தேச்சேன். எடுக்க மறந்துட்டேன்.”

“கழுவினால் போதாதோ? எதுக்கு இவ்வளவு மினுக்கம்?”

“அம்மா தொட்டியில மொகம் பாத்துப் பொட்டு வைக்கும். மொகம் தெரியலேன்னா என்னைத் திட்டும். யாரும் திட்டாம எத்தன நாளைக்குத்தான் வேல செய்யறது?”

அவனுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. போன கிழமை இந்த மூட்டை கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபடி அதை வெளியே எறிந்தான். மறுபடி தூளைக் கரைத்து, தெளிவை ஊற்றிக் கிளறினான். இப்போது நீர் சரியாயிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சொல்வதற்குத் தாள் இல்லை.

“திரும்பிப் போகட்டா மகன்?” வெளியிலிருந்து ஸுலைஹா கேட்டாள். “வெத்தில முடியிற மட்டும் காத்து ஈப்பேன்.”

“இருங்கோ” என்றான் மயில்வாகனம். பேச்சியம்மாவிடம், “பச்சையரிசி இருக்கோ?” என்று கேட்டான்.

அவள் அவனை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் பானையை எடுத்து வந்தாள். மடுவத்து அடுப்பிலேயே ஏற்றினார்கள். அவன் கிளறினான், அவள் தீயைத் தணித்தாள். அகப்பையை அவன் பிடித்த விதத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். அரிசி குழைந்து கஞ்சி கொதித்து வந்தபோது, அவள் கை தானாக நீண்டது, சுவர்ப் பிறையில் இருந்த உப்புச் சிரட்டைக்கு.

அவன் அந்தக் கையைப் பிடித்தான்.

“உப்பு வேண்டாம்.”

“கஞ்சிங்கய்யா.”

“உப்புப் பட்டால் தாள் ஈரம் உறிஞ்சும். கண்டி மழைக்கு ரெண்டு நாளில் பூஞ்சணம் பிடிச்சிடும்.”

கையில் எடுத்த உப்பைச் சிரட்டையிலேயே போட்டாள். கஞ்சியைத் துணியில் வடித்து, அயடைட்டைக் கலந்து, தாளில் பூசினான். எவ்வளவு வடித்தும் கட்டி கட்டியாகத்தான் இருந்தது. அடுப்பின் பக்கச் செங்கல்லில் ஒட்டிவைத்தார்கள். காய்ந்ததும் ஒன்றை நறுக்கி எடுத்துத் தொட்டியில் தொட்டான்.

நீலம். திட்டுத் திட்டாய், அம்மைத் தழும்பு போல. ஆனாலும் நீலம்.

அளவுக்கு மேல் கறுக்கவுமில்லை. வாசலுக்குக் கொண்டுபோய், பாலாம்பிகை உயர்த்துவதைப் போலவே உயர்த்திக் காட்டினான். கூச்சமாயிருந்தது. ஸுலைஹா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“அவட கடதாசிக்கு இது கிட்டயும் வராது” என்றாள். “பரவாயில்ல. எறங்கப் போறேன். நீங்க அங்கால போங்க.”

அவன் அடுப்படிக்கு வந்து குந்தினான். உள்ளே நீர் தளும்பும் ஓசையும், ஸுலைஹாவின் நீண்ட பெருமூச்சும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் பேச்சியம்மா வந்து பானையைப் பார்த்தாள். அடியில் கஞ்சி மிச்சம் இருந்தது, அயடைட்டுக் கலக்காதது. அதை இன்னொரு சிரட்டையில் ஊற்றி, இந்த முறை உப்புப் போட்டு, அவன் முன் வைத்தாள்.

“குடிங்க. கோழிக்கு இன்னைக்குப் பட்டினி.”

அவன் குடித்தான். சூடாயிருந்தது. உப்பாயிருந்தது. மிச்சத்தையும் ஊற்றச் சொல்லி நீட்டினான்.

ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: “அம்மா போன அன்னைக்கு நான் தாளுக்குக் கஞ்சி காய்ச்சறப்பவும் இப்படித்தான் ஓடியாந்து கையப் புடிச்சீங்க. இப்பத்தான் நெனப்பு வருது. அம்மா அந்தப் பாடு படுறப்போ உப்புக்காகவா ஓடி வருவாங்கன்னு மனசுக்குள்ள வஞ்சேன். மன்னிச்சுக்கோங்க.”

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலாம்பிகை கடைசியாய் என்ன சொன்னாள் என்று யாழ்ப்பாணத்தில் அவள் தாய் கேட்டபோது, முருகா என்றாள் எனச் சொல்லியிருந்தான். துக்கத்துக்கு வந்தவர்களிடமும் அதையே சொன்னான். அவர்கள் தலையாட்டினார்கள். அன்று அவன் அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்தபோது அவள் கண் மூடியிருந்தது. பாயின் சூடுகூட ஆறவில்லை.

“நானா ஓடி வரேல்லை” என்றான். “அவள்தான் அனுப்பினவள்.”

“என்ன சொல்லிச்சு?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு மற்றதும் வந்தது. சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னான்.

“இஞ்சாருங்கோ, பேச்சியம்மா கஞ்சிக்கு உப்புப் போட்டிடுவா. கெதியாய்ப் போய்ப் பாருங்கோ. நான் இஞ்சதானே கிடக்கிறன்.”